தடவுகிற மருந்து உள்ளே போகிறதா?

மும்பையில் தமிழர் குடியிருக்கும் வீட்டில் நாற்காலி இல்லாமல் இருக்கலாம். வலிக்குத் தடவ ஒரு தைலம் இல்லாமல் இராது. தாராவி தோல் பட்டறையில் நாள் முழுவதும் குனிந்து நிற்பவருக்கு இடுப்பு வலி. விடியுமுன் இட்லிப் பாத்திரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறவருக்குக் கழுத்து வலி. கோட்டைப் பகுதி ஆபீசில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கு மணிக்கட்டும் தோள்பட்டையும். முலுண்டிலிருந்து வி.டி. வரை ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு வருகிறவரிடம் எது வலிக்கவில்லை என்று கேட்பதே சுலபம்.

இரவு சாப்பாடு ஆனதும் தைலக் குப்பியோ, ட்யூபோ வெளியே வருகிறது. கொஞ்சம் எடுத்துத் தேய்த்துக்கொள்கிறோம். சுரீரென்கிறது, அல்லது ஜில்லென்கிறது. 'மருந்து வேலை செய்கிறது' என்று திருப்தியோடு படுத்துவிடுகிறோம்.

உண்மையில் வேலை செய்கிறதா? தோலின் மேல் தடவிய மருந்து தோலுக்குள் போகிறதா? போனால் எவ்வளவு போகிறது? மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் ஐம்பது வருஷங்களுக்கு மேலாகத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்விகள் இவை. காசு கொடுத்து ட்யூப் வாங்கும் நமக்கும் விடை தெரிந்திருப்பது நல்லது.

மாத்திரை செய்யும் வேலை

தடவும் மருந்துக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு, ஒரு மாத்திரையை விழுங்கினால் வலி போய்விடாதா என்று கேட்கலாம். போகும். ஆனால் அதற்கு உடம்பு கொடுக்கும் விலை இருக்கிறது.

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் வேலை செய்யும் விதத்தை 1971-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன் கண்டுபிடித்துச் சொன்னார். 1982-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அடிபட்ட இடத்தில் உடம்பு ஒருவகை ரசாயனத்தை உற்பத்தி செய்கிறது. வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குவது அதுதான். மாத்திரை அந்த உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. வம்பு என்னவென்றால், அதே இனத்து ரசாயனம்தான் வயிற்றின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பாற்றுகிறது. சிறுநீரகத்துக்கு ரத்தம் சீராகப் போகவும் உதவுகிறது. முழங்கால் வலிக்காக விழுங்கிய மாத்திரை முழங்காலோடு நின்றுவிடுவதில்லை. உடம்பு முழுவதும் சுற்றி வந்து, வயிற்றிலும் சிறுநீரகத்திலும் அதே உற்பத்தியை நிறுத்துகிறது. வயிற்றுப் புண், ரத்தக் கசிவு, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு எல்லாம் இதிலிருந்து வருபவை. இருதய நோயுள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

வெயிலில் வியர்த்துக் கொட்ட, தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லாமல் மூட்டை தூக்கும் தொழிலாளி இதைக் கவனிக்க வேண்டும். உடம்பில் நீர் வற்றியிருக்கும் வேளையில்தான் சிறுநீரகம் அந்த ரசாயனத்தைப் பெரிதும் நம்பியிருக்கிறது. அந்த நேரம் பார்த்துத் தினம் இரண்டு மாத்திரை போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

டைக்ளோஃபெனாக்கின் மறுபக்கத்தை நம் நாட்டுக் கழுகுகள் காட்டிக் கொடுத்தன. மாடுகளுக்கு வலி மருந்தாக அதை ஊசி போட்டார்கள். செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு, கூட்டம் கூட்டமாக மடிந்தன. காரணம் 2004-ல் வெளியாயிற்று; 2006-ல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. மனிதச் சிறுநீரகம் கழுகினுடையதைப் போல அவ்வளவு மென்மையானதல்ல என்பது வாஸ்தவம். ஆனாலும் அதே மருந்தைத்தான் நாம் கடையில் பெயர் சொல்லி வாங்கி, காப்பியோடு விழுங்குகிறோம்.

வலிக்கிற இடத்தில் மட்டும் மருந்தைச் செலுத்தி, வயிற்றையும் சிறுநீரகத்தையும் விட்டுவிட முடியுமானால் எப்படி இருக்கும்? தடவும் மருந்தைச் செம்மைப்படுத்த நடந்த முயற்சி முழுவதும் இந்த ஆசையிலிருந்து பிறந்ததுதான்.

பம்பாயில் பிறந்த மஞ்சள் தைலம்

முதலில் நம் வீட்டுத் தைலத்தைப் பார்ப்போம். அமிர்தாஞ்சனம் சென்னைச் சரக்கு என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அது பிறந்தது இந்த ஊரில். ஆந்திர தேசத்தைச் சேர்ந்த காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு 1893-ல் பம்பாயில் அதைத் தயாரிக்கத் தொடங்கினார். அந்த வருமானத்தில் 1908-ல் இங்கேயே 'ஆந்திர பத்திரிகா' என்ற தெலுங்குப் பத்திரிகையையும் தொடங்கினார். 1914-ல்தான் எல்லாம் சென்னைக்குக் குடிபெயர்ந்தன. மயிலாப்பூரில் நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பெயரில் இருப்பது பலருக்குத் தெரியும். பழைய புனா ரோட்டில் போய் வந்தவர்களுக்கு லோணாவலா அருகே மலைப்பாதையில் இருந்த அமிர்தாஞ்சன் பாலம் நினைவிருக்கும். தைல விளம்பரத்தால் அந்தப் பெயர் பெற்ற பாலம் 2020 ஏப்ரலில் இடிக்கப்பட்டது.

இத்தகைய தைலங்களில் பெரும்பாலும் இருப்பவை கற்பூரம், புதினா உப்பு என்னும் மென்தால், யூகலிப்டஸ் என்கிற நீலகிரித் தைலம், மெத்தில் சாலிசிலேட் ஆகியவை. கடைசியாகச் சொன்னது விண்டர்கிரீன் எண்ணெயின் சாரம். ஊட்டிக் கடைகளில் அந்த எண்ணெய் குப்பியில் விற்கிறதே, அதுதான்.

இவை என்ன செய்கின்றன? நம் தோலில் சூட்டை உணரத் தனி நரம்பு வாசல், குளிர்ச்சியை உணரத் தனி வாசல் உண்டு. மிளகாயின் காரம் சூட்டு வாசலைத் திறக்கிறது என்பதை அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் 1997-ல் கண்டுபிடித்தார். மென்தால் குளிர் வாசலைத் திறக்கிறது என்பதை அவரும் ஆர்டெம் படபூடியனும் 2002-ல் தனித்தனியே கண்டார்கள். இருவருக்கும் 2021-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதாவது தைலம் தடவியதும் தோல் உண்மையில் சுடுவதுமில்லை, குளிர்வதுமில்லை. மூளைக்கு அப்படி ஒரு தந்தி போகிறது, அவ்வளவே. அந்தத் தந்தி வந்துகொண்டிருக்கும்போது வலியின் தந்தி சற்றுப் பின்தங்கிவிடுகிறது. குழந்தை விழுந்து அடிபட்டால் அந்த இடத்தைத் தாய் தேய்த்துவிடுவதும் இதே தத்துவம்தான்.

ஆகவே சுரீரென்பதை மருந்து மூட்டுக்குள் இறங்கிவிட்டதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்காகத் தைலம் ஏமாற்று என்றும் நான் சொல்லவில்லை. தலைவலிக்கும், ஜலதோஷத்துக்கும், அலுத்துப்போன தசைக்கும் அரை மணி நேர ஆறுதல் கிடைத்தால் அதுவும் ஆறுதல்தானே. ஆனால் வீங்கிய மூட்டில் வீக்கத்தைக் குறைக்கும் சக்தி வேறு. அதற்கு மருந்து தோலைக் கடந்தாக வேண்டும்.

காகிதத்தை விட மெல்லிய மதில்

தோலைக் கடப்பது லேசான காரியமல்ல. தோலின் மிக மேலே இருப்பது செத்துப்போன செல்களாலான ஒரு படலம். கனம் பதினைந்து இருபது மைக்ரான். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பத்திரிகைத் தாளின் கனத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய படலம்தான் மழைநீர் உள்ளே போகாமலும், உடம்பின் நீர் வெளியே வற்றிவிடாமலும் நம்மைக் காக்கிறது. செங்கல் அடுக்கி, இடையே கொழுப்பாலான சாந்து பூசிய சுவர் என்று விஞ்ஞானிகள் இதை வர்ணிக்கிறார்கள். மருந்து அந்தச் சாந்து வழியாக வளைந்து வளைந்து போய்ச் சேர வேண்டும்.

நுழைய வேண்டுமானால் மருந்தின் மூலக்கூறு சிறியதாக இருக்க வேண்டும். மூலக்கூறு எடை 500-க்கு மேற்பட்டால் அநேகமாக வாசலிலேயே நின்றுவிடும். மென்தால் 156, டைக்ளோஃபெனாக் 296, இவை தாண்டும். இன்சுலின் 5,800, ஆகவேதான் சர்க்கரை நோயாளிகள் இன்றும் ஊசியை விட முடியவில்லை. மூட்டுத் தேய்மானத்துக்கென்று காண்ட்ராய்டின் கலந்த களிம்புகள் விற்கின்றன. அதன் மூலக்கூறு எடை ஆயிரக்கணக்கில் இருக்கிறது. தோலைத் தாண்டி மூட்டுக்குப் போகும் என்று நம்பி அதை வாங்குவது காசுக்குக் கேடு என்பது என் அபிப்பிராயம்.

அளவு மட்டும் போதாது. மருந்து எண்ணெயிலும் கரைய வேண்டும், நீரிலும் கரைய வேண்டும். கொழுப்புச் சாந்தைக் கடக்க எண்ணெய்க் குணம் வேண்டும். கடந்தபின் அடியில் ஈரமான உயிருள்ள தோலில் இறங்க நீர்க் குணம் வேண்டும். ஒரு குணம் மட்டும் உள்ளது பாதி வழியில் மாட்டிக்கொள்ளும்.

சில பொருள்கள் இந்த மதிலைச் சுலபமாகத் தாண்டும் என்பதைத் தொழிலாளிகள்தான் முதலில் உடம்பால் அறிந்தார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டைனமைட் தொழிற்சாலைகளில் நைட்ரோகிளிசரினைக் கையாண்டவர்களுக்குத் திங்கட்கிழமை வந்தால் மண்டையை உடைக்கும் தலைவலி. இரண்டொரு நாளில் பழகிவிடும். ஞாயிறு லீவு முடிந்து வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. சிலர் லீவிலும் பழக்கம் விட்டுப்போகாமலிருக்க அந்தப் பொருளைத் தொப்பியின் உட்பட்டையில் கொஞ்சம் தடவிக்கொண்டு போவார்களாம்! கையிலும் நெற்றியிலும் பட்டது தோல் வழியே ரத்தத்தில் கலந்து, குழாய்களை விரியச் செய்ததே காரணம். நம் நாட்டிலும் குஜராத் புகையிலை வயல்களில் ஈர இலை பறிப்பவர்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவது பதிவாகியிருக்கிறது. புகைக்காமலே நிக்கோட்டின் அவர்கள் தோலுக்குள் போய்விடுகிறது. அந்த இரண்டு விஷங்களையும் பிற்காலத்தில் மருந்தாக்கிப் பிளாஸ்திரியில் வைத்தார்கள். மார்பு வலிக்கு நைட்ரோகிளிசரின் பிளாஸ்திரி 1981-ல் வந்தது. சிகரெட்டை விட விரும்புகிறவர்களுக்கு நிக்கோட்டின் பிளாஸ்திரி பத்து வருஷம் கழித்து வந்தது.

உடம்பில் இடத்துக்கு இடம் மதிலின் கனமும் வேறு. முன்கையில் போவதைப் போல நெற்றியில் ஆறு மடங்கு போகும். உள்ளங்காலிலோ ஏழில் ஒரு பங்குதான். குதிகால் வலிக்கு உள்ளங்காலில் எவ்வளவு தேய்த்தாலும் பயன் தெரியவில்லை என்று சொல்கிறவர்களுக்கு இதில் விடை இருக்கிறது.

மதிலைத் தாண்டிய வித்தைகள்

தாண்டாத மருந்தைத் தாண்ட வைக்க என்னென்னவோ செய்து பார்த்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டாக்டர் ஸ்டான்லி ஜேகப் ஒரு திரவத்தைப் பற்றிச் சொல்லி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். டைமெத்தில் சல்பாக்சைடு என்பது அதன் பெயர். காகிதக் கூழ் ஆலையின் உபரிச் சரக்கு. கையில் தடவினால் சில நிமிஷத்தில் நாக்கில் பூண்டு வாசனை தெரியும். அவ்வளவு வேகமாக உள்ளே போகும். தன்னோடு மற்ற மருந்தையும் இழுத்துக்கொண்டு போகும். சர்வரோக நிவாரணி என்று பரபரப்பு எழுந்தது. பரிசோதனை மிருகங்களின் கண்ணில் கோளாறு தெரிந்ததும் 1965 நவம்பரில் அமெரிக்க அரசு மனிதர் மீதான சோதனைகளை நிறுத்திவிட்டது. பின்னர் பல வருஷம் ஆராய்ந்து, 2009-ல் டைக்ளோஃபெனாக்கோடு சேர்த்து முழங்கால் மருந்தாக அனுமதித்தார்கள். முதலில் நாளைக்கு நாலு வேளை, வேளைக்கு நாற்பது சொட்டு. 2014-ல் அதையே கெட்டியாக்கி, மருந்தின் சதவீதத்தைக் கூட்டி, இரண்டு வேளையாகக் குறைத்தார்கள். மருந்து அதேதான், அதைச் சுமந்து போகும் வண்டியைத்தான் சீர்திருத்தினார்கள்.

இன்னொரு வித்தை நம் பாட்டிமார்களுக்கே தெரிந்தது. கற்பூரம், புதினா உப்பு, ஓம உப்பு மூன்றையும் ஒரு சீசாவில் போட்டு மூடி வையுங்கள். ஒரு சொட்டு நீரும் சேர்க்காமலே மூன்று திடப்பொருளும் எண்ணெயாக உருகிவிடும். வடநாட்டில் 'அம்ருத்தாரா' என்று விற்பது இதுதான். ஸ்வீடன் விஞ்ஞானிகள் இதே தத்துவத்தில் லிடோகெயின், பிரிலோகெயின் என்ற இரண்டு மரத்துப்போகும் மருந்துகளைச் சம அளவில் சேர்த்தார்கள். தனித்தனியே அவை உப்புக்கல் போல இருப்பவை, சேர்ந்ததும் எண்ணெயாயின. நீரில் கரைத்த பழைய மருந்து நல்ல தோலில் நுழையாமல் நின்றுவிடும். இந்த எண்ணெயோ நுழைந்தது. ஊசிக்குப் பயப்படும் குழந்தைகளுக்கும், டயாலிசிஸுக்காக வாரந்தோறும் கனத்த ஊசி குத்திக்கொள்கிறவர்களுக்கும் இந்தக் களிம்பு பெரிய வரப்பிரசாதம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: தடவி, மேலே காற்றுப் புகாமல் மூடி, ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். தடவிய ஐந்தாவது நிமிஷத்தில் குத்தினால் வலிக்கத்தான் செய்யும்.

நமக்கு மிகவும் பழக்கமானது ஜெல். டைக்ளோஃபெனாக் ஜெல் தடவியதும் ஜில்லென்று ஆறுவது ஏன்? அதிலுள்ள ஆல்கஹால் ஆவியாகிப் பறக்கிறது. அது பறக்கப் பறக்க மீதமுள்ள மருந்து செறிந்து, தோலை நோக்கி நெருக்குகிறது. எண்ணெய்த் துளிகள் கலந்த ஜெல்லாக இருந்தால் கொழுப்புச் சாந்தைக் கடப்பதும் சுலபமாகிறது. அப்படியும் முழங்காலில் தடவினால் ரத்தத்தில் சேருவது மாத்திரையில் சேருவதில் ஏறக்குறைய 6 சதவீதம்தான். இதைக் குறையாக எண்ண வேண்டாம். ரத்தத்தில் சேராமல் தோலுக்கடியிலும் மூட்டைச் சுற்றியும் மருந்து தங்குவதுதான் வேண்டியது. வயிறும் சிறுநீரகமும் தப்புவது இதனால்தான்.

ஒரு ட்யூப் எத்தனை நாளைக்கு?

பலன் எவ்வளவு? உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2015-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. சுளுக்கு, தசைப் பிடிப்பு போன்ற புது வலிகளில், எண்ணெய் கலந்த டைக்ளோஃபெனாக் ஜெல் தடவிய நூறு பேரில் 78 பேருக்கு ஒரு வாரத்துக்குள் வலி பாதிக்கு மேல் குறைந்தது. மருந்தில்லாத வெறும் ஜெல் தடவியவர்களில் 20 பேருக்குத்தான் அப்படிக் குறைந்தது. இது நல்ல மருந்து என்பதில் சந்தேகமில்லை.

நாள்பட்ட முழங்கால் தேய்மானத்தில் கதை சற்று வேறு. அதே அமைப்பின் 2016 கணக்கில், மருந்து ஜெல்லில் நூற்றுக்கு 60 பேருக்குக் குணம் தெரிந்தது. வெறும் ஜெல்லில் 50 பேருக்கு. ஆக, தேய்த்துவிடுவதாலும் நம்பிக்கையாலும் பாதிப்பேர் தேறுகிறார்கள். மருந்து அதற்குமேல் பத்துப் பேரைத் தேற்றுகிறது. பத்துப் பேர் தானா என்று உதறிவிட வேண்டாம். மாத்திரை அபாயம் இல்லாமல் கிடைக்கும் லாபம் என்பதால்தான் முழங்கால் தேய்மானத்துக்கு முதலில் தடவும் மருந்தைக் கொடுங்கள் என்று பிரிட்டன் 2022-ல் தன் டாக்டர்களுக்கு வழிகாட்டியது. அமெரிக்க மருத்துவர் சங்கங்களும் 2020-ல் புதுச் சுளுக்கு, அடிகளுக்கு இதையே முதல் சிகிச்சையாகச் சொல்லின. இடுப்பு வலியை மட்டும் அவர்கள் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

இடுப்பு வலிக்காரர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். விரல் மூட்டும் முழங்காலும் தோலுக்குச் சற்றுக் கீழே இருக்கின்றன. முதுகெலும்பின் வட்டுகளும் நரம்பு வேர்களும் கனத்த தசைக்கு அடியில் ஆழத்தில் கிடக்கின்றன. ஜெல் அங்கே போய்ச் சேருவது கடினம். இடுப்பு வலிக்கு மாதம் நாலு ட்யூப் வாங்குகிறவர், அந்தப் பணத்தை ஒரு நல்ல டாக்டருக்கோ உடற்பயிற்சி சிகிச்சைக்கோ செலவிடலாம். கால் மரத்துப் போனாலும், சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

இப்போது நாம் செய்யும் பெரிய பிழைக்கு வருவோம். 'அண்ணாச்சி, ஒரு ட்யூப் குடுங்க' என்று வாங்கிப் போகிறோம். பட்டாணி அளவு பிதுக்கித் தடவுகிறோம். ஒரு ட்யூப் இரண்டு மாதம் வருகிறது. சோதனைகளில் பலன் கண்டது இந்த அளவில் அல்ல. முழங்காலுக்கு வேளைக்கு 4 கிராம், நாளைக்கு நாலு வேளை என்பது அமெரிக்காவில் அச்சிட்டுக் கொடுக்கும் அளவு. கை மூட்டுக்கு வேளைக்கு 2 கிராம். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை நீளமாகப் பிதுக்கினால் அரை கிராம். ஆக, முழங்காலுக்கு வேளைக்கு எட்டு விரல் நீளம்! நாளைக்கு 16 கிராம். நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 30 கிராம் ட்யூப் இரண்டு நாள்கூட வராது. வேளைக்கு 2 கிராம், மூன்று வேளை என்று குறைத்தாலும் ஐந்தே நாள்.

கணக்கைப் பார்த்து மலைக்க வேண்டாம். கால் பிசகிவிட்டதா? ஒரு வாரம் தாராளமாகத் தடவுங்கள். வலி போனதும் நிறுத்திவிடுங்கள். இரண்டு மாதம் பட்டாணி அளவில் தடவுவதை விட இது சிக்கனம். தேய்மான வலியானால் பலன் தெரிய ஒரு வாரம் ஆகலாம். இரண்டாம் நாளே கைவிட வேண்டாம். எத்தனை மூட்டு வலித்தாலும் நாளொன்றுக்கு மொத்தம் 32 கிராமுக்கு மேல் போகக் கூடாது. தடவிக்கொண்டே அதே இன மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் விழுங்கினால் முன்பு சொன்ன லாபமெல்லாம் வீண். கர்ப்பிணிகள் டாக்டர் சொல்லாமல் தொடவே வேண்டாம்.

தடவும் மருந்துதானே என்ற அலட்சியம்

வெளியில் பூசுவது கெடுதல் செய்யாது என்று நம்புகிறவர்கள் அதிகம். விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டி வயிற்றுக்குள் போனால் இருபதுக்கு மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். ஒரு குழந்தையைக் கொல்ல அது போதும். ஒற்றை அறை வீட்டில் குப்பியைத் தரையில் வைத்துவிட்டுத் தூங்கக் கூடாது. கற்பூரமும் அப்படியே, விழுங்கினால் வலிப்பு வரும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கிலும் மார்பிலும் இந்தத் தைலங்களைத் தடவ வேண்டாம்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மெத்தில் சாலிசிலேட் தைலத்தைத் தினமும் தேய்த்தால் ரத்தக் கசிவு அபாயம் கூடும். தைலம் தடவிய இடத்தில் வெந்நீர்ப் பையோ, இறுக்கமான கட்டோ கூடாது. தோல் வெந்துபோன கேஸ்களைக் காட்டி 2012-ல் அமெரிக்க அரசே எச்சரிக்கை விட்டது. கீட்டோப்ரோஃபென் ஜெல் தடவுகிறவர்கள் அந்த இடத்தை வெயிலில் காட்டக் கூடாது. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் மூடி வைக்க வேண்டும். லோக்கல் ரயிலில் லேபிள் இல்லாத குப்பியில் விற்கும் 'மூலிகைத் தைல'த்தில் என்ன கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது.

பிளாஸ்திரி யுகம்

பிளாஸ்திரி என்றதும் ஜப்பானியர் நினைவு வரும்; வலிக்கு ஒட்டும் சலோன்பாஸை 1934-லேயே கொண்டு வந்தவர்கள். ஆனால் மருந்தை மணிக்கணக்கு வைத்து ரத்தத்துக்குள் அனுப்பும் பிளாஸ்திரி அமெரிக்காவில் 1979-ல் அனுமதி பெற்றது. கலிபோர்னியாவில் அலெஹாந்த்ரோ ஜபரோனி நிறுவிய ஆல்ஸா கம்பெனி அதைச் செய்தது. பயண வாந்திக்கான மருந்து. காதுக்குப் பின்னால் ஒட்டினால் மூன்று நாள் வேலை செய்யும்.

அதே வழியில் 1990-ல் ஃபென்டனில் பிளாஸ்திரி வந்தது. மார்பினைவிடப் பல மடங்கு உக்கிரமான மருந்து. வாயால் எதையும் விழுங்க முடியாத புற்றுநோயாளிகளுக்கு மூன்று நாளைக்கு ஒரு பிளாஸ்திரி என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, பரேலில் உள்ள டாடா ஆஸ்பத்திரிக்கு ஊரிலிருந்து உறவினரை அழைத்து வந்தவர்கள் அறிவார்கள். ஆனால் காய்ச்சல் வந்தாலும், மேலே சூடு வைத்தாலும் மருந்து வேகமாக உள்ளே பாய்ந்து மூச்சை நிறுத்திவிடும். கழற்றிய பிளாஸ்திரியிலும் மருந்து மீதம் இருக்கும். அதை எடுத்து ஒட்டிக்கொண்டோ, வாயில் போட்டோ குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். ஒட்டும் பக்கத்தை உட்புறமாக மடித்து, ஆஸ்பத்திரியில் சொன்னபடி உடனே அப்புறப்படுத்த வேண்டும்.

அக்கி வந்து போனபின் மாதக்கணக்கில் எரியும் நரம்பு வலிக்கு 1999-ல் லிடோகெயின் பிளாஸ்திரியும், 2009-ல் மிளகாய்க் காரத்தை 8 சதவீதம் செறிவாக வைத்த பிளாஸ்திரியும் வந்தன. மிளகாய்ப் பிளாஸ்திரியை நாமாக ஒட்டிக்கொள்ள முடியாது. ஆஸ்பத்திரியில் கையுறை போட்டு ஒரு மணி நேரம் ஒட்டுவார்கள். முதலில் தீயாய் எரியும். பிறகு அந்த இடத்து நரம்பு நுனிகள் களைத்து ஓய்ந்து, பலருக்கு மூன்று மாதம் வரை நிம்மதி. 2020-ல் சர்க்கரை நோயால் பாதம் எரிகிறவர்களுக்கும் அமெரிக்காவில் அனுமதித்தார்கள்.

எல்லா முயற்சியும் பலித்ததில்லை. ஒற்றைத் தலைவலிக்கு மின்சாரத்தால் மருந்தைச் செலுத்தும் பிளாஸ்திரி ஒன்று 2013-ல் அனுமதி பெற்றது; தோல் வெந்து தழும்பானதால் 2016-ல் விற்பனை நின்றது. வலி தெரியாத நுண்ணிய ஊசிகளைப் பட்டையில் பதித்து மதிலைத் துளைக்கும் ஆராய்ச்சி பல நாடுகளில் நடக்கிறது.

தைலம் தடவக் கூடாத வலி ஒன்று உண்டு. மார்பின் நடுவில் இறுக்கம், இடது தோளிலோ தாடையிலோ இழுக்கும் வலி, கூடவே வியர்வை. வாயுப் பிடிப்பு என்று சொல்லித் தைலத்தைத் தேய்த்து விடியும் வரை காத்திருந்து உயிரை விட்டவர்கள் எத்தனையோ பேர். அந்த வலி வந்தால் குப்பியைத் தேட வேண்டாம். பக்கத்து வீட்டாரை எழுப்பி, டாக்சி பிடித்து, அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள், எந்த நடுராத்திரியானாலும் சரி.